அக்டோபர் எட்டில் லீவு கிடையாது

என் மகள் அக்டோபர் எட்டாம் தேதி பிறந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில், நல்ல மழை பெய்துகொண்டிருந்த காலை நேரம். என்னைக் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்ததும் என் அம்மா செல்போனை என் காதில் வைத்தாள். மறுமுனையில் என் கணவர். வடக்கே ஒரு விமானப் படை முகாமில் இருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் பேண்டு வாத்தியம் கேட்டது.

"பொண்ணா? இன்னிக்கேவா?" என்று கத்தினார். "ஏ, இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமா உனக்கு? ஏர்போர்ஸ் டே! எங்க படை பொறந்த நாளு. இவ எங்க படைக்குத் தங்கச்சிடீ!"

எனக்கு அப்போது அந்தத் தேதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டேன். 1932இல், வெள்ளைக்காரர் ஆட்சியில், அக்டோபர் எட்டாம் தேதிதான் இந்திய விமானப் படை என்று ஒன்றை அமைத்தார்கள். ஆனால் முதல் விமானப் பிரிவு உண்டானது அடுத்த வருடம் ஏப்ரல் ஒன்றாம் தேதி. நாலே நாலு விமானம், ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டை இறக்கை வைத்தவை. இதையெல்லாம் அவர்தான் எனக்குச் சொன்னார். நான் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

நான் டீச்சர். கரியாலூர் தாண்டி ஒரு மலைக் கிராமத்தில் நடுநிலைப் பள்ளி. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கணவர் வீட்டில் மாமனார் மாமியாரோடு இருந்துகொண்டு, தினமும் காலை பஸ்ஸில் மலை ஏறுவேன். காலை வழிபாட்டில் 'இன்றைய சிறப்பு' என்று ஒரு பகுதி உண்டு. அதை ஆசிரியர்கள் முறை வைத்துப் பேசுவோம். அக்டோபர் எட்டு மட்டும் யாரும் கேட்காமலே எனக்கு என்று ஆகிவிட்டது. படை பிறந்த கதையைச் சொல்வேன். "பேர் வச்சது அக்டோபர்ல, பறந்தது ஏப்ரல் ஒண்ணுல" என்றதும் பிள்ளைகள் "ஏப்ரல் ஃபூல்!" என்று கூவிச் சிரிப்பார்கள். மலைக்கு மேலே உயரத்தில் விமானம் கோடு போட்டுக்கொண்டு போனால், "டீச்சர், சார் அதுல போறாரா?" என்று கேட்பார்கள். அவர் விமானம் ஓட்டுகிறவர் இல்லை, இன்ஜின் பழுது பார்க்கிறவர். சொன்னாலும் பிள்ளைகள் அடுத்த விமானத்துக்கும் அதையேதான் கேட்பார்கள்.

அவர் குடும்பத்தில் கரும்பு வெட்டப் போகாத முதல் ஆள் அவர்தான். மாமனார் கோமுகி அணைப் பாசனத்தில் அடுத்தவர் கரும்புக் கொல்லைகளில் வெட்டிக் கட்டி, தோளில் காய்ப்பு ஏறிப்போனவர். மகன் நீலச் சட்டை போட்டு முதல் லீவில் வந்து இறங்கிய நாளை ஊரே நின்று பார்த்ததாம். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் 'ஏர்போர்ஸ்காரர் வூடு' என்றுதான் கை காட்டுவார்கள். கல்யாணமான புதிதில் அவருடைய முகாமில் ஒரு கோடை முழுக்க இருந்தேன். பிறகு எனக்கு இந்த அரசாங்க வேலை கிடைத்தது. "வேலைய வுட்டுடாத. நான் எங்கயாவது மாறிக்கினே இருப்பேன், நீ ஒரு எடத்துல இரு" என்று அவர் சொன்னார். அதில் எனக்கும் சம்மதம்தான்.

வருடத்தில் இரண்டு முறை வருவார். பொங்கலுக்கு ஒரு முறை, மே மாதத்தில் ஒரு முறை. மகளின் பிறந்தநாளுக்கு மட்டும் வந்ததே இல்லை.

"அக்டோபர் எட்டுல லீவு கெடையாது. ஒருத்தனுக்கும் கெடையாது. பரேடு இருக்கு, ஒத்திகை இருக்கு, பெரிய பெரிய ஆபீசருங்க வருவாங்க. அன்னிக்கு லீவு கேட்டா சிரிப்பானுங்க" என்பார்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது மகள் போனில் அழுதாள். மற்ற பிள்ளைகள் பிறந்தநாளில் அப்பா கை பிடித்துக் கேக் வெட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "பாப்பா, உனக்கும் எங்க படைக்கும் ஒரே நாள்ல பொறந்தநாளு. உனக்கு அம்மா இருக்கா, தாத்தா இருக்காரு, ஆயா இருக்கு. படைக்கு யாரு இருக்கா? நாங்கதான? நாங்க கூட நிக்கலன்னா அது அழுவாதா?"

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. வகுப்பில் யாராவது கேட்டால் பெருமையாகச் சொல்லுவாள். கச்சிராயபாளையத்துப் பேக்கரியில் ஒவ்வொரு வருடமும் கேக்கின் மேல் விமானம் வரைந்து தரச் சொல்லுவாள். அந்த அண்ணன் வரைவது பாதி மீன் மாதிரி இருக்கும். அதையும் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புவாள்.

கடைசி மூன்று நான்கு வருடமாகப் புரட்டாசி வந்தால் மாமனாரும் மாமியாரும் திருப்பதிக்குக் கிளம்பிவிடுவார்கள். அக்டோபர் எட்டும் புரட்டாசியில்தான் வரும் என்பதால் இரண்டு பிறந்தநாளுக்கு அவர்களும் வீட்டில் இல்லை. திரும்பி வரும்போது லட்டு கொண்டுவருவார்கள். நானும் மகளும் தின்போம். வயதான காலத்தில் போய் வருகிறார்களே என்று நான் மாமியாருக்குக் கால் பிடித்துவிட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வேண்டியதை அவர் அனுப்பிக்கொண்டிருந்தார். பேச்சில் அன்பு குறையவில்லை. இருபது வருடச் சேவை முடிகிற நேரத்தில், "எக்ஸ்டென்ஷன் குடுத்துருக்காங்க. இன்னும் கொஞ்ச வருஷம் இருந்துட்டு வரேன். அஸ்ஸாம் பக்கம் போட்டுருக்கான், சிக்னல் சரியா கெடைக்காது" என்றார். சரி என்றேன். அந்த வருடம் மே மாதம் அவர் வரவில்லை. தூரம் அதிகம் என்றார். அதற்கும் சரி என்றேன்.

அப்புறம்தான் விமானப் படை நாள் சென்னைக்கு வந்தது.

அந்த வருட விழா சென்னையில் என்று பேப்பரில் போட்டதும் மகளுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. எட்டாம் தேதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் விமான சாகசம், எட்டாம் தேதி தாம்பரத்தில் அணிவகுப்பு. காலாண்டு விடுமுறையின் கடைசி நாள் அந்த ஞாயிறு. அப்பாவும் வருவார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். போனில் கேட்டபோது அவர் தயங்கினார்.

"எங்க ஸ்டேஷன்ல இருந்து யாரும் வரல பாப்பா. எனக்கு இங்கயே பரேடு இருக்கு. நீங்களும் போவாதீங்க. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், நசுக்கிடுவாங்க."

என்னிடமும் தனியாகச் சொன்னார்: "சொன்னா கேளு. டி.வி.ல பாத்துக்கலாம்."

மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது ஆகப்போகிறது. இத்தனை வருடத்தில் அவள் கேட்டது இது ஒன்றுதான். எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரோடு ஒரே பேட்ச்சில் சேர்ந்தவர் ஒருவர், சின்னசேலத்துக்காரர், எங்கள் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறினவர், இப்போது தாம்பரத்தில் இருக்கிறார் என்று தெரியும். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். அவருக்குப் போன் செய்தேன்.

"வா தங்கச்சி, தாராளமா வா. குவார்ட்டர்ஸ்லயே தங்கிக்கலாம். அவனும் வர்றானா?" என்றார்.

"அவரு வரலண்ணா" என்றேன்.

"சோம்பேறிப் பய" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எதை நினைத்துச் சிரித்தார், நான் எதை நினைத்துச் சிரித்தேன் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

கணவரிடம் சொல்லாமல் கிளம்பினோம். அங்கே போய் நின்று போட்டோ அனுப்பி அப்பாவை அதிர வைக்க வேண்டும் என்பது மகளின் திட்டம்.

மெரினாவின் அன்றைய கூட்டத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் தமிழ்நாடே பேசியது. நாங்கள் மணலில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றோம். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் முதல் விமானங்கள் கடலுக்கு மேலே வந்து, சத்தம் வயிற்றுக்குள் இறங்கியபோது, மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ம்மா, இந்த இன்ஜினெல்லாம் அப்பா கழட்டி மாட்டியிருப்பாரும்மா" என்று காதில் கத்தினாள். அவள் முகம் கறுத்து வியர்த்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

ரயிலில் நசுங்கித் தாம்பரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அண்ணன் முகாம் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போனார். அண்ணி எங்களைக் குளிக்கச் சொல்லி, சுடச்சுட உப்புமாவும் காபியும் கொடுத்தாள். மகளைப் பார்த்துப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

அண்ணன் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "அப்புறம், இன்னா பண்றான் உன் வூட்டுக்காரன்? நெலம் ஏதாச்சும் குத்தகைக்கு எடுத்துப் பாக்குறானா? இல்ல சும்மா வூட்லயே உக்காந்துகினு இருக்கானா?"

எனக்குப் புரியவில்லை. "அவரு அஸ்ஸாம்லண்ணா. இந்நேரம் ஒத்திகையில இருப்பாரு."

"அஸ்ஸாமா? பிரைவேட்டுக் கம்பெனியா?"

"இல்லண்ணா, ஏர்போர்ஸ்லதான்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா தங்கச்சி வெளையாட்றியா? அவன் டிஸ்சார்ஜ் ஆயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. நான் எக்ஸ்டென்ஷன் வாங்கினேன். அவன வாங்குடான்னேன், வேணாம்னுட்டான். 'மவ வளந்துட்டா, இனிமேயாவது கூட இருக்கணும்'னான். செண்ட் ஆஃப்ல நான்தான மாலை போட்டேன்."

நான் எதுவும் பேசவில்லை என்று நினைக்கிறேன். பேசியிருந்தால் அவர் அதோடு நிறுத்தியிருப்பார். ஏதோ குழப்பம் என்று எண்ணிக்கொண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, மேலும் சொன்னார்.

"மவ மேல அவனுக்கு உசுரும்மா. வருஷா வருஷம் அக்டோபர் வந்தா எங்கள வாட்டி எடுத்துடுவான். 'என் மவ பொறந்தநாளு ஏர்போர்ஸ் டே அன்னிக்கே வந்து தொலைஞ்சுது, எப்டியாவது என்னை வுட்டுடுங்கடா'ன்னு. பரேடு இருக்கற ஸ்டேஷனுன்னா கொஞ்சம் கஷ்டம். மத்த எடத்துல லீவுக்கு இன்னா? அவன் ட்யூட்டிய நானே ரெண்டு வாட்டி பாத்துருக்கேன். பாப்பா பொறந்தநாளுக்கு அவன் வராம இருந்ததே கெடையாதே?"

அண்ணி அப்போது சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் பேச்சின் முன்பகுதியைக் கேட்கவில்லை.

"பாப்பா, நான் குடுத்தனுப்புன செவப்புக் கவுனு உனக்கு அளவா இருந்துச்சா? நாலு வருஷம் இருக்கும். நான் அப்பவே கேட்டேன் உங்கப்பாவ, 'பத்து வயசுப் புள்ளைக்கு இது பத்தாதே, ரெண்டு வயசுக் கொழந்தைக்கு ஆவுற சைஸால்ல எடுக்கச் சொல்றீங்க'ன்னு. 'பாப்பா ஒல்லி அண்ணி, போதும்'னுட்டாரு."

அண்ணன் மெல்லத் தலை குனிந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்த மாதிரி ஒரு கவுன் வந்ததே இல்லை.

மகள் கையில் காபி டம்ளர் இருந்தது. அவள் அண்ணியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அளவா இருந்துச்சு அத்த. ரொம்ப நல்லா இருந்துச்சு."

என் வாழ்க்கையில் நான் கேட்ட பொய்களிலேயே, என்னைக் காப்பாற்றுவதற்காக ஒருவர் சொன்னது அது ஒன்றுதான். சொன்னது என் மகள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினோம். அணிவகுப்பு பார்ப்பதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அண்ணன் பஸ் நிலையம் வரை வந்தார். "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா என் வாய்ல வந்திருக்குமா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவரும் ஏமாந்தவர்தான். அவர் ட்யூட்டி பார்த்து வாங்கிக் கொடுத்த லீவு யாரோ ஒரு குழந்தைக்குப் போயிருக்கிறது.

திண்டிவனம் தாண்டும் வரை மகள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். பிறகு கேட்டாள்.

"ம்மா, ஆயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா. தெரிஞ்சா ஆயா நம்மகிட்ட சொல்லாம இருக்குமா?"

இதை நான் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். என் மாமியார் எனக்கு எதிரி மாமியார் இல்லை. நான் மலையிலிருந்து இறங்கி வரும்போது காபி போட்டு வைத்திருப்பவள். மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே கிடந்தவள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் எனக்கிருந்த பயமெல்லாம், இந்தச் செய்தியை அந்த இரண்டு வயதானவர்களிடமும் எப்படிச் சொல்வது, மாமனார் தாங்குவாரா என்பதுதான்.

வீட்டுக்குப் போனபோது மாமியார் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"அத்த, அவரு அஸ்ஸாம்ல இல்ல. வேலைய வுட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. வேற எங்கயோ இருக்காரு. வேற ஒரு கொழந்த இருக்கு."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னை அடிப்பாள், பொய் சொல்கிறேன் என்று கத்துவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் கை நிற்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்து, முறத்தில் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்தாள்.

அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

மாமனார் பக்கம் திரும்பினேன். "மாமா?"

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமியார்தான் பேசினாள்.

"எங்களுக்கும் மொதல்ல தெரியாதும்மா. அந்தக் கொழந்த பொறந்த பொறவுதான் சொன்னான். ஐதராபாத்துல வூடு எடுத்துகினு இருக்கான். கால்ல வுழுந்து சத்தியம் வாங்கிகினான். 'அவளாண்ட சொன்னா புள்ளைய தூக்கிகினு போயிடுவா, அப்புறம் உங்களப் பாக்க ஆள் கெடையாது'ன்னான். நான் இன்னா பண்றது, சொல்லு? பெத்த வயிறு."

"அப்ப திருப்பதி?"

"திருப்பதிக்குத்தாம்மா போனோம். அங்க வந்து பாப்பான். அந்தக் கொழந்தைக்கு மொட்ட போட்டது அங்கதான்." எனக்கு ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி, "லட்டு நெசமாவே திருப்பதி லட்டுதான்" என்றாள்.

என் மகள் வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பிறந்தநாள் அன்று, அவளுடைய அப்பா, தாத்தா, ஆயா மூன்று பேரும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். அவளும் நானும் மட்டும் இங்கே, மீன் மாதிரி விமானம் போட்ட கேக்கை வைத்துக்கொண்டு.

கணவன் ஏமாற்றுவது உலகத்தில் புதிதில்லை. என் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு டீச்சர்கள் அந்தக் கதையோடு பஸ் ஏறி வருகிறவர்கள்தான். ஆனால் தினமும் ஒரே பாத்திரத்தில் சோறு எடுத்துத் தின்றவள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலு வருடம் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தாள். அவர் என்னைக் கைவிட்டது தூரத்தில் இருந்து. இவள் பக்கத்திலேயே இருந்துகொண்டு கைவிட்டாள்.

அடுத்த நாள் எட்டாம் தேதி. அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. மாமனார் மாமியார் சொல்லியிருப்பார்களோ என்று நினைத்தேன். அவர்களும் பயந்துபோய்ச் சொல்லவில்லை போலும். காலையில் மாமனார் பழக்கத்தில் டி.வி.யைப் போட்டிருந்தார். தாம்பரத்திலிருந்து அணிவகுப்பை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான நேரத்தில் போன் வந்தது. மகள் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹாப்பி பர்த்டே பாப்பா! அப்பா பரேடுக்குக் கெளம்பிகினே இருக்கேன். சத்தம் கேக்குதா? பேண்டு வாசிக்கறாங்க."

கேட்டது. பேண்டு வாத்தியமும், அதன் மேல் ஒரு அம்மாள் இந்தியில் வர்ணனை சொல்வதும். அதே குரல், அதே சொற்கள், எங்கள் வீட்டு டி.வி.யிலும் வந்துகொண்டிருந்தன.

மகள் சொன்னாள்: "அப்பா, டி.வி.ய கொஞ்சம் கம்மி பண்ணுங்க. நீங்க பேசறது கேக்கல."

பேண்டு மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. ரிமோட்டை அழுத்தியிருப்பார். ஒரு சின்னக் குழந்தையின் குரல் தெலுங்கில் ஏதோ கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நானும் மலைக்குப் போனேன். காலை வழிபாட்டில் பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். தலைமை ஆசிரியரிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னேன். வேறொரு ஆசிரியர் அன்றைக்குப் பேசினார். எதைப் பற்றிப் பேசினார் என்று நினைவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் வந்தார். வீட்டுக்குள் வைத்துப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அணைக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டே பேசினோம். கொஞ்சம் பருத்திருந்தார். கன்னங்கள் மழமழவென்று இருந்தன. என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தவர் போலப் பேசினார். அந்தப் பெண் தனியாக இருந்தாள், உதவி செய்யப் போனேன், அப்படியே ஆகிவிட்டது, உங்களுக்கு நான் எதிலும் குறை வைக்கவில்லையே என்றெல்லாம். கரும்பு லாரி ஒன்று கடந்து போகும்வரை நின்றோம்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எத்தனையோ சாக்கு இருக்கு. ஏங்க அந்த நாள எடுத்தீங்க? அவ பொறந்தநாள?"

அவர் மறைக்கவில்லை. அலுப்போடு, ஏதோ இன்ஜின் வேலையை விளக்குவது மாதிரி சொன்னார்:

"அங்க லீவு வாங்கணும்னா பாப்பா பொறந்தநாளுன்னாதான் குடுப்பானுங்க. இங்க வராம இருக்கணும்னா ஏர்போர்ஸ் டேன்னாதான் நீ கேள்வி கேக்க மாட்ட. வேற இன்னா சொல்லியிருந்தாலும் நோண்டியிருப்ப. இதுக்கு நீதான் இஸ்கூல்லயே மைக் புடிச்சுப் பேசறியே."

நான் திரும்பி நடந்தேன். அவர் பின்னால் வரவில்லை.

கோபம் வருவதற்கு எனக்கு வெகுநாள் ஆனது. முதலில் வெட்கம்தான் வந்தது. நான் நம்பியது அவருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! என் பெருமையை ஒரு பூட்டு மாதிரி எடுத்து எங்கள் வாசலிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். வருடா வருடம் அதற்கு எண்ணெய் போட்டவள் நான்.

பொங்கலுக்கு முன்பே கள்ளக்குறிச்சிக்கு வீடு மாறிவிட்டோம். துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் வீட்டு மாடி. குடிபோன அன்று அவர் மனைவி கீழேயிருந்து குருமாவும் இடியாப்பமும் கொடுத்தனுப்பினார். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "ஜாஸ்தி யோசிக்காதம்மா, புள்ளையப் பாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அவர் ஐதராபாத்திலிருந்து வந்து போகிறார். கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்தால் ஒதுங்கி நிற்கிறார். இப்போது எனக்கு மலைக்குப் போகும் தூரம் கூடிவிட்டது. அதனால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

மகள் பிறந்தநாள் கொண்டாடுவதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இந்த முறை தோழிகள் நாலு பேரை வரச் சொன்னாள். கேக்கில் என்ன வரையட்டும் என்று பேக்கரியில் கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம், பேர் மட்டும் எழுதுங்க" என்றாள். அன்று பள்ளியில் ஒரு பெண், "உன் பர்த்டேதான ஏர்போர்ஸ் டே?" என்று கேட்டாளாம். "ஆமா. அதுக்கின்னா?" என்றாளாம். சொல்லும்போது என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். நான் அழுகிறேனா என்று பார்த்திருப்பாள்.

மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்று சென்ற மாதம் சொல்லியனுப்பினார்கள். மகள், "நான் தாத்தாவப் பாக்கணும்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கச்சிராயபாளையம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஊருக்குப் போனோம். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் சாலைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் வெளியே வந்தாள். கையில் சொம்பு. இளைத்துப் போயிருந்தாள். சாலையைக் கடக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. இரண்டு பக்கமும் வண்டி பார்த்துப் பார்த்து நின்றாள்.

"உள்ளதான் வரல. இந்த வெய்யில் நேரத்துல நிக்கிற. தண்ணியாவது குடி."

வாங்கிக் குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது. சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் என் விரல்களைப் பிடித்தாள்.

"ஒரு வார்த்த பேசு தாயி."

"இன்னா பேசச் சொல்றீங்க அத்த?" என்றேன். "நீங்க பேசியிருக்கணும்."

அவள் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, மறுபடியும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனாள். மகள் வெளியே வர இன்னும் நேரம் ஆனது. நான் நிழல் நகர நகர நகர்ந்து நின்றுகொண்டிருந்தேன்.